யார் வீட்டுக் கதை, யார் கேட்ட கேள்வி: டர்பன் குடும்பங்களை ஆய்ந்தவர்களின் வரிசை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியர் பெருவாரியாக வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயா, அதாவது பாட்டி, தமிழ் இந்து. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார். மூத்த மருமகள் தெலுங்குக் குடும்பத்துப் பெண். இளைய மகன் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். பேத்தி கல்யாணம் செய்திருப்பது ஒரு ஜூலு இளைஞரை. வீட்டில் புழங்குவது ஆங்கிலம். தமிழ் ஆயாவின் வாயில் மட்டும் மிச்சமிருக்கிறது. இப்படி ஒரு வீடு டர்பனில் அதிசயம் இல்லை. இந்த வீட்டுக்கு ஓர் ஆய்வு மாணவர் படிவத்தோடு வருகிறார். குடும்பத் தலைவர் யார், இனம் எது, தாய்மொழி எது, மதம் எது என்று கேட்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு கட்டத்தில்தான் குறி போடலாம். அவர் நிரப்பிக்கொண்டு போகிற தாளில் இந்த வீடு இருக்காது.

அந்தப் படிவத்தை மாணவர் தானே யோசித்து எழுதியிருக்க மாட்டார். நெறியாளர் கொடுத்திருப்பார். நெறியாளருக்கு அது அவருடைய ஆசிரியரிடமிருந்து வந்திருக்கும். பாட்டியின் கைப்பக்குவம் பேத்திக்கு வருகிற மாதிரி, குடும்ப ஆய்வில் கேள்விகளும் கைமாறித்தான் வருகின்றன. ருசியும் வரும், பிசகும் வரும். பல இனக் குடும்பங்களை ஆய்கிறவர்களிடையே தலைமை, வழிகாட்டுதல் என்று பல்கலைக்கழகங்களில் பேச்சு எழும்போது பதவி உயர்வு, உதவித்தொகை, ஆய்வேட்டை முடிக்கும் கெடு என்றே அது போய்விடுகிறது. கேள்வியை மாற்றும் உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் வழிகாட்டுதல் என்பதே அந்த உரிமையைக் கைமாற்றுவதுதான். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இதில் அக்கறை காட்ட 160 ஆண்டுக் காரணம் இருக்கிறது.

கப்பல் பட்டியலில் தொடங்கியது

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. அன்று முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம் எல்லாம் பட்டியலில் ஏறின. ஓடிப்போனால் பிடிப்பதற்கும், எந்தத் தோட்டத்துக்கு யாரை அனுப்பினோம் என்று கணக்கு வைப்பதற்கும் கேட்ட கேள்விகள் அவை. தென்னாப்பிரிக்காவில் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய முதல் படிவம் இதுதான் என்று நான் சொல்வேன். ஆனால் அதில் குடும்பம் ஓரத்தில்தான் தெரிகிறது. யார் யாரோடு வந்தார், கப்பலில் யார் யாரைச் சகோதரியாக ஏற்றுக்கொண்டார், எந்தத் தோட்டத்தில் எந்த இரண்டு சாதிகள் ஒன்றாக அடுப்பு மூட்டின என்பதற்கெல்லாம் கட்டம் இல்லை. நூறு ஆண்களுக்கு 40 பெண்கள் என்று பின்னாளில் ஒரு விகிதத்தை வற்புறுத்தினார்களே தவிர, அந்த விகிதத்தில் எப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டாகும் என்பது அரசுக்குக் கவலையாக இருக்கவில்லை.

பெயர்களைப் பாருங்கள். நாயுடு, பிள்ளை, முதலி, செட்டி, படையாச்சி என்ற பட்டங்கள் இங்கே குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. கவுண்டர் என்பது கவெண்டர் ஆனது என்பார்கள். வெளியூர் ஆய்வாளர் ஒருவர் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து நாயுடு என்ற பெயர்களைத் திரட்டித் தமிழ்க் குடும்பங்கள் என்று எண்ணினால் பாதிக் கணக்கு தப்பாகப் போகும். அவர்களில் பலர் தெலுங்கர்கள். ஆந்திர மகா சபை 1931இல் தொடங்கப்பட்டதே, தமிழருக்குள் கரைந்துகொண்டிருந்த தெலுங்கரை ஒன்றுசேர்க்கத்தான். இன்னொரு பக்கம், மூன்று தலைமுறையாகத் தமிழ்க் கோயிலுக்கே போய்வரும் நாயுடு வீடுகளும் உண்டு. பெயரைப் பார்த்து இனத்தைத் தீர்மானிக்காதே என்பதை எந்தப் பாடநூலும் மாணவருக்குக் கற்றுத்தராது. ஊரை அறிந்த ஒரு நெறியாளர்தான் சொல்ல வேண்டும்.

அரசு குடும்பத்தைத் தவறாகப் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1913 மார்ச் 14ஆம் தேதித் தீர்ப்பு சாட்சி. கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத, முறையாகப் பதிவும் செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னார். வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணைப் பற்றியது. ஆனால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்து, முஸ்லிம், பார்சி மனைவிகள் சட்டத்தின் கண்ணில் மனைவிகளாக இல்லாமல் போனார்கள். ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்துத் தமிழ்ப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை சென்றதற்கு இந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது 16. அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற திருமணங்களை ஏற்றது. குடும்பம் என்ற சொல்லுக்கு யார் விளக்கம் எழுதுவது என்ற சண்டை எங்கள் ஊரில் அறிஞர்கள் வருவதற்கு முன்பே தெருவில் நடந்துவிட்டது.

ஆசிரியைகளின் வரிசை

தென்னாப்பிரிக்கச் சமூக மானிடவியலின் தாய் என்று வினிஃப்ரெட் ஹோர்ன்லேயைச் சொல்வார்கள். 1923 முதல் 1937 வரை ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவர் எழுதிக் குவித்தவர் இல்லை. ஆனால் அவரிடம் படித்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: மாக்ஸ் க்ளக்மன், எலன் ஹெல்மன், ஐலீன் க்ரிகே, ஹில்டா கூப்பர். ஒரு துறையின் பாதி வரலாறு அந்த வகுப்பறையிலிருந்து கிளம்பியது. ஒரு தலைமுறையையே உருவாக்கிவிட்டு, தன் பெயரை அட்டையில் தேடாமல் இருந்த ஆசிரியை அவர். நன்னூல் ஆசிரியனுக்கு நிலத்தை உவமை சொல்கிறதே, அதற்கு இவர் பொருந்துவார்.

ஹில்டா கூப்பர் 1911இல் புலவாயோவில் பிறந்தவர். ஹோர்ன்லேயிடமும், பின்பு லண்டனில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியிடமும் படித்தவர். ஸ்வாசி மக்களைப் பற்றிய ஆய்வால் பெயர் பெற்றவர். டர்பனுக்கு வந்த பிறகு நேட்டால் இந்தியர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1960இல் வெளிவந்தது. வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படியில் உட்கார்ந்து, சடங்குகளைப் பார்த்து எழுதிய முதல் பெரிய ஆய்வு இது. தந்தைவழிப் பெருங்குடும்பத்தை அவர் ‘குட்டும்’ என்ற உள்ளூர்ச் சொல்லாலேயே குறித்தார். தமிழனோ தெலுங்கனோ இந்துஸ்தானியோ, எல்லோருக்கும் புரிகிற சொல். இதை நான் மதிக்கிறேன். ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு கலைச்சொல்லைத் தூக்கி வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஸ்வாசிகளிடம் பழகிய பழக்கம் அது. மக்கள் தங்கள் உறவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் கேள் என்ற பாடம் ஹோர்ன்லேயிடமிருந்து கூப்பருக்கும், கூப்பர் வழியாக டர்பனுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் இந்த வரிசையில் ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. கற்பித்தவர்கள் வெள்ளையர்கள், கற்றுப் பட்டம் பெற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், ஆய்வுக்கு உள்ளானவர்கள் மற்றவர்கள். வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர், மொழிபெயர்த்தவர், எந்த வீட்டில் எப்போது கேட்கக் கூடாது என்று சொன்னவர் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். மானிடவியல் நூல்களின் முன்னுரைகளைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: இவர்களுக்கு ஒரு நன்றி வரி இருக்கும், அதோடு சரி. கள உதவியாளர் அடுத்த நூலின் ஆசிரியராக வளர்ந்த கதைகள் குறைவு.

கல்வியாளர் மேபல் பால்மர் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். நேட்டால் பல்கலைக் கல்லூரி கறுப்பினத்தவரையும் இந்தியரையும் வெள்ளையரோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்க மறுத்தது. 1936இல் பால்மர் முன்னின்று இவர்களுக்காகத் தனி வகுப்புகளைத் தொடங்கினார். பல வகுப்புகள் நடந்த இடம் சாஸ்திரி கல்லூரி. வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் முகவராக இங்கே இருந்தபோது அவர் முயற்சியால் எழுந்த பள்ளி அது. பகலில் பிள்ளைகள் படித்த பெஞ்சில் மாலையிலும் வார இறுதியிலும் பெரியவர்கள் படித்தார்கள். டர்பன் இந்தியர்களில் ஒரு தலைமுறைப் பட்டதாரிகள் இந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். பால்மரின் உழைப்பு பெரிது.

அவரைப் பற்றிய இன்னொரு பக்கம் கடிதங்களில் இருக்கிறது. 1949இல் லிலி மோயா என்ற புனைபெயரால் நாம் அறிகிற ஓர் இளம் கோசா பெண், படிக்க உதவி கேட்டு பால்மருக்கு எழுதினாள். பால்மர் பணம் கட்டி ஆடம்ஸ் கல்லூரியில் சேர்த்துவிட்டார். பெண் எதிர்பார்த்தது பணத்தை மட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு தாயையும் எதிர்பார்த்தாள். பால்மர் தள்ளியே நிறுத்தினார். ஜூலு சமூகப்பணியாளர் சிபுசிசிவே மக்கான்யா இடையில் நின்று இருவரையும் புரிந்துகொள்ளப் பார்த்தார். கடைசியில் லிலி மனம் உடைந்து போனாள். தான் சோதனைப் பொம்மை இல்லை, உணர்வுள்ள மனுஷி என்று அவள் எழுதினாள். வரலாற்றாசிரியர் ஷூலா மார்க்ஸ் 1987இல் இந்தக் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். ஆய்வு மாணவரை ஏற்கும் ஒவ்வொரு பேராசிரியரும் இவற்றைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கதவைத் திறந்துவிடுவதற்கும், திறந்த கதவுக்கு அப்பால் கூட நடப்பதற்கும் இடையில் உள்ள தூரம் அந்தக் கடிதங்களில் பக்கம் பக்கமாகத் தெரிகிறது.

கேள்வி கைமாறிய இடம்

ஃபாத்திமா மீர் 1928இல் டர்பனில் பிறந்தவர். குஜராத்தி முஸ்லிம் குடும்பம். தாயார் யூத, போர்த்துகீசிய வம்சாவளியில் வந்தவர். மதம் மாறி ஆமினா என்ற பெயர் ஏற்றவர். பல இனக் குடும்பம் என்பது மீருக்கு ஆய்வுப் பொருளாவதற்கு முன்பே அவர் சாப்பிட்ட சோறு. 1956இல் நேட்டால் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையாளர் ஆனார். வெள்ளையர் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்படி ஒரு பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். (அந்தக் காலப் போராட்ட மொழியில் ‘கறுப்பினம்’ என்றால் இந்தியரும் அதில் அடக்கம்.) அந்தத் துறையை அப்போது நடத்தியவர் ஹில்டாவின் கணவர் லியோ கூப்பர்.

1969இல் மீர் தென்னாப்பிரிக்க இந்தியர்களைப் பற்றி எழுதியதை 1960இல் கூப்பர் எழுதியதோடு சேர்த்து வாசித்தால் ஒரு நகர்வு தெரியும். கூப்பர் சடங்கையும் உறவையும் வெளியிலிருந்து மிகக் கவனமாக வந்து பார்க்கிறார். மீர் அதே வீடுகளுக்குள் இருந்துகொண்டு பேசுகிறார், வீட்டைப் பெயர்த்துப் போட்ட இனப்பிரிவினை அரசையும் சேர்த்துப் பேசுகிறார். தற்கொலையையும் இனத்தையும் இணைத்து 1976இல் அவர் எழுதியதும் அப்படித்தான்: ஒரு வீட்டுக்குள் நடந்த சாவுக்கு வீட்டுக்கு வெளியே இருக்கும் காரணங்களைத் தேடினார்.

நூல்களைவிடவும் நான் பெரிதாக நினைப்பது 1972இல் அவர் தொடங்கிய கறுப்பின ஆய்வு நிறுவனத்தை. ஆய்வைக் கேள்வியிலிருந்து அச்சு வரைக்கும் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்வதற்கு அது ஓர் இடம். ஒப்பந்தக் கூலி முறை பற்றிய 1851 முதல் 1917 வரையிலான ஆவணங்களைத் திரட்டி 1980இல் பெரிய தொகுப்பாகக் கொண்டுவந்தது அந்த நிறுவனம்தான். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1976இல், மீரை அரசு தடைசெய்து, பிறகு ஜோகன்னஸ்பர்க் கோட்டைச் சிறையில் அடைத்தது. தடை ஆணை என்றால் கூட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது, அவர் சொன்னதை யாரும் அச்சிடக் கூடாது. மாணவர்களிடமிருந்து ஆசிரியரைப் பிரிப்பதற்கு இதைவிடக் கச்சிதமான சட்டம் கிடையாது. அதற்குள்ளும் வேலை நடந்தது. நிறுவனத்தின் தலைவர் பேச முடியாத நாளிலும் வேலை ஓடும்படி ஆட்களை வளர்த்து வைத்திருந்தார். தலைமை என்று நான் சொல்வது இதைத்தான்.

கேப் டவுனில் நடந்தது இதற்கு நேர்மாறு. பேராசிரியர் மோனிக்கா வில்சனின் மாணவர் ஆர்ச்சி மஃபேஜே லங்கா கறுப்பினக் குடியிருப்பில் களப்பணி செய்தார். 1963இல் வந்த நூலில் இருவர் பெயரும் இருந்தன. ஆசிரியர் மாணவரை இணை ஆசிரியராக ஏற்றது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். களத்தில் நடந்தவர் ஒருவர், முதலில் வரும் பெயர் இன்னொருவருடையது என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. 1968இல் கேப் டவுன் பல்கலைக்கழகம் மஃபேஜேயை முதுநிலை விரிவுரையாளராக நியமித்தது. அரசு அழுத்தம் கொடுத்ததும் நியமனத்தைத் திரும்பப் பெற்றது. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் உட்கார்ந்து போராடினார்கள். மஃபேஜே தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வெளிநாடுகளில் கழித்தார். 2007இல் அவர் காலமானார். மறு ஆண்டு பல்கலைக்கழகம் அவர் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. அவர் அங்கே இருந்திருந்தால் அந்த நாற்பது ஆண்டில் எத்தனை மாணவர்களை வளர்த்திருப்பார் என்ற கணக்கை எந்த மன்னிப்பும் போட முடியாது.

ஆசிரியர், மாணவர் என்ற சங்கிலியை அறுத்தது சட்டம். 1959ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிக் கல்லூரி என்று பிரித்தது. இந்தியருக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அது வெஸ்ட்வில்லுக்குப் போனது. இந்தியர் இந்தியரைப் படிக்கலாம், ஜூலு ஜூலுவைப் படிக்கலாம் என்ற ஏற்பாடு. பல இனங்கள் கலந்த குடும்பம் அதில் எங்கே வரும்? சட்டத்தின் பார்வையில் அப்படி ஒரு குடும்பமே பிழை. 1949ஆம் ஆண்டுக் கலப்புத் திருமணத் தடைச் சட்டம் வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையிலான திருமணத்தைத்தான் தடுத்தது. தமிழர், ஜூலு திருமணத்துக்குத் தடை இல்லை. ஆனால் எந்தப் பகுதியில் குடியிருப்பது, பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது, பதிவேட்டில் எந்த இனத்தை எழுதுவது என்று ஒவ்வொரு படியிலும் முட்டுக்கட்டை. 1959இல் ஒரு பிரகடனம், அரசுப் பதிவேட்டில் இருந்த ‘கலப்பினத்தவர்’ (Coloured) என்ற வகையை ஏழு உட்பிரிவாகப் பிரித்தது. இந்தியரும் அதில் ஓர் உட்பிரிவு. கலப்புத் திருமணத் தடை 1985இலும், இனப் பதிவுச் சட்டம் 1991இலும்தான் நீங்கின.

இருந்தும் பிரித்து வைத்த அந்தக் கல்லூரியிலேயே நல்லது ஒன்று முளைத்தது. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் சுரேந்திர பானாவும் ஜாய் பிரெய்னும் கப்பல் பட்டியல்களை எடுத்து உட்கார்ந்தார்கள். காலனி அரசு ஆளைப் பிடிக்க எழுதிய அதே கட்டங்களிலிருந்து ஊர், சாதி, குடும்பம், மதம் என்று வேறு கேள்விகளுக்குப் பதில் எடுத்தார்கள். 1990இல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பிறகு பானா அடுத்த தலைமுறை வரலாற்றாசிரியர் கூலம் வாகீதோடு சேர்ந்து எழுதினார். வாகீத் அஷ்வின் தேசாயோடு சேர்ந்து ஒப்பந்தக் கூலிகளின் வாழ்க்கையை எழுதினார். மூன்று கூட்டு நூல்கள், நான்கு பெயர்கள். இந்த வரிசையைத் தொடர்ந்து படிக்கிற வாசகருக்கு, பட்டியலில் வெறும் எண்ணாக இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக வழக்குப் போடுகிற, காதலிக்கிற, ஓடிப்போகிற, திரும்பி வருகிற மனுஷராக மாறுவது தெரியும். கூட்டாக எழுதுவதை வெறும் கல்வித்துறை நாகரிகமாக நினைப்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே சண்டை

குடும்ப ஆய்வில் வழிகாட்டுதல் இவ்வளவு முக்கியமானதற்கு அமெரிக்காவில் தெளிவான உதாரணம் உண்டு. சிகாகோவில் ராபர்ட் பார்க்கிடம் படித்த கறுப்பினச் சமூகவியலாளர் ஃபிராங்ளின் ஃப்ரேசியர், அடிமை முறை கறுப்பினக் குடும்பத்தை எப்படிக் குலைத்தது என்று 1939இல் எழுதினார். 1965இல் அரசு அதிகாரி டேனியல் மொய்னிஹன் அந்த எழுத்தையும் ஆதாரமாக வைத்து, கறுப்பினக் குடும்பத்தின் சிதைவே பிரச்சினையின் மையம் என்ற தொனியில் அறிக்கை கொடுத்தார். ஒருவர் வரலாற்றுக் காயமாகச் சொன்னதை இன்னொருவர் குடும்பத்தின் குணமாகப் படித்தார். ஆண்ட்ரூ பில்லிங்ஸ்லி, ராபர்ட் ஹில், ஹேரியட் மக்காடூ போன்றவர்கள் அதற்குப் பதிலாகக் கேள்வியையே மாற்றினார்கள்: இவ்வளவுக்குப் பிறகும் இந்தக் குடும்பங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றன? அந்த நாட்டுத் தேசியக் குடும்ப உறவுகள் மன்றம் சிறுபான்மைக் குடும்பங்களை ஆய்கிறவர்களைக் கௌரவிக்க மேரி பீட்டர்ஸ் பெயரில் விருது வைத்திருப்பதும் இந்தத் தலைமுறையின் உழைப்பால் உண்டான சூழலில்தான்.

நமக்குத் தலைகீழான ஆபத்து ஒன்று இருக்கிறது. கறுப்பினக் குடும்பம் சிதைந்தது என்று சொன்னதுபோல், இந்தியக் குடும்பம் கட்டுக்கோப்பானது என்று சொல்லிச் சொல்லி அதுவும் ஒரு முத்திரையாகிவிட்டது. குடியும் அடியும் உள்ள வீட்டில் வளர்ந்த பெண் அந்த முத்திரைக்குப் பின்னால் வாய் திறக்க முடியாது.

உள்ளே இருப்பவர் மட்டும் போதுமா

தமிழ் வீட்டைத் தமிழர் ஆய்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

உறவுமுறைச் சொற்களில் உள்ளூர்க்காரர் கெட்டி என்பது உண்மை. பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரையும் டர்பன் ஆங்கிலம் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடும். மாமன் மகளைக் கட்டலாம், பெரியப்பா மகளைக் கட்டக் கூடாது என்ற முறை தெரியாத ஆய்வாளர், ஆயா ‘மாமா’ என்று சொன்ன இடத்தில் ‘உறவினர்’ என்று எழுதிக்கொண்டு போவார். சீரும் செய்முறையும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற கணக்கு அங்கேயே தொலையும்.

ஆனால் உள்ளே இருப்பவருக்குக் கண்ணில் படாதவையும் உண்டு. சாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராகச் சுமக்கிறவருக்குச் சாதி இங்கே செத்துவிட்டது என்று தோன்றலாம். பட்டமே இல்லாமல் வந்தவரின் பேரனுக்கு அப்படித் தோன்றாது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே நடந்த கலவரத்தில் 142 பேர் மாண்டார்கள். அந்த நினைவு இந்திய வீடுகளில் ஒரு விதமாகவும், ஜூலு வீடுகளில் இன்னொரு விதமாகவும் சொல்லப்படுகிறது. பேத்தி ஜூலு இளைஞரைக் கல்யாணம் செய்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று தமிழ் ஆய்வாளர் கேட்டால் ஆயா வீட்டு மானத்தை நினைத்துச் சிரித்து மழுப்புவார். ஜூலு ஆய்வாளர் கேட்டால் மரியாதைக்காக மழுப்புவார். இரண்டு மழுப்பலும் தரவுதான், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால். கலந்த குடும்பத்தை ஆய்கிற மாணவருக்கு இரண்டு நெறியாளர்கள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்: வீட்டு மொழி தெரிந்த ஒருவர், அந்த வீட்டின் பழக்கங்களுக்குக் கட்டுப்படாத ஒருவர்.

கேள்வியைச் சோதிக்க யாரும் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2019இல் பார்த்தோம். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐவர், அறுபது பேர் அளவிலான சிறு குழுவை வைத்துக்கொண்டு, கலப்பினப் பெண்களின் அறிவுத்திறன் குறைவு என்ற பொருள்பட ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாடே கொதித்தது. சில வாரங்களில் ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. நெறிக்குழுக்களையும் மதிப்பீட்டாளர்களையும் தாண்டித்தான் அது அச்சாகியிருக்கிறது. ‘கலப்பினம்’ என்பதை இனப்பிரிவினை அரசு உண்டாக்கிய நிர்வாக வகையாகப் பார்க்காமல் உடம்பில் இருக்கும் ஒரு பொருளாக நினைக்கும் பழக்கம் அத்தனை படிகளிலும் இருந்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், ஆய்வுக்கு உள்ளாகும் மக்களே வழிகாட்டியாகும் முயற்சியும் இந்த நாட்டில்தான் வந்தது. 2017இல் சான் மக்கள் தங்களை ஆய வருகிறவர்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறையை வெளியிட்டார்கள். நியாயம், மரியாதை, அக்கறை, நேர்மை என்பவை அதன் தூண்கள். எழுதியதை முதலில் எங்களிடம் காட்டு, வாக்குக் கொடுத்தால் காப்பாற்று என்று எளிய மொழியில் கேட்கிறார்கள். சாட்ஸ்வர்த்துக்கோ ஃபீனிக்ஸுக்கோ அப்படி ஒன்று இருந்தால் ஆய்வு மாணவருக்கும் நல்லது, ஆயாவுக்கும் நல்லது.

இன்றைய நெருக்கடி

2004இல் நேட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில்லும் ஒன்றாகிக் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. பிரித்து வைத்த இரண்டு வரிசைகளும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. தேசிய வளர்ச்சித் திட்டம் 2030க்குள் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் நூறு முனைவர்கள் வேண்டும் என்கிறது. திட்டம் எழுதப்பட்டபோது இருந்தது 28. பல்கலைக்கழக ஆசிரியர்களில் அப்போது முனைவர் பட்டம் பெற்றவர்கள் 34 சதவீதம். அதை 75க்கு உயர்த்த வேண்டும் என்பதும் அதே திட்டம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: இருக்கிற கொஞ்சம் நெறியாளர்களின் தலையில் மாணவர் கூட்டம் ஏறுகிறது. 2015இல் அரசு தொடங்கிய புதிய தலைமுறைக் கல்வியாளர் திட்டம் இளம் விரிவுரையாளருக்கு ஆறு ஆண்டு அவகாசமும் ஒரு வழிகாட்டியும் தருகிறது. இது நல்ல ஏற்பாடு. வழிகாட்டுதலுக்கு நேரம் வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஆயாவின் தமிழைப் புரிந்துகொள்ளும் நெறியாளர் எங்கே கிடைப்பார்? மொழி போனதற்கு இளைஞர்களைக் குறை சொல்வதில் பயன் இல்லை. ஆங்கிலம் இல்லாமல் இந்த ஊரில் வேலை கிடைக்காது என்று பெற்றோர் முடிவெடுத்தது பசியால். இங்கே பிறந்து தமிழகம் போய்த் தமிழ் படித்தவர்கள், தமிழகத்திலிருந்து வந்து இங்கே கற்பிக்கிறவர்கள், கோயில்களில் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்கள் ஆகியோரை ஆய்வுக் குழுவில் உரிய பெயரோடும் ஊதியத்தோடும் சேர்த்துக்கொள்ள முடியும். ‘சமூக ஆலோசகர்’ என்று நன்றிப் பக்கத்தில் தள்ளிவிட்டால் பழைய கதைதான்.

காலம் குறைவு. கடைசிக் கப்பல் உம்லாசி 1911 ஜூலையில் வந்தது. அதில் வந்தவர்கள் மடியில் உட்கார்ந்து கதை கேட்ட பேரப்பிள்ளைகளுக்கு இப்போது எண்பது வயதும் அதற்கு மேலும் ஆகிறது. எந்தத் தோட்டத்தில் யாருக்கும் யாருக்கும் கல்யாணம் ஆனது, எந்தக் குழந்தை யாருடையது என்று சொல்லாமலே வளர்த்தார்கள், எந்தப் பெயரை எதற்காக மாற்றினார்கள் என்பதெல்லாம் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. ஆயா மதியம் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கால் நீட்டி உட்கார்ந்த பிறகுதான் பேசுவார், அதுவும் பாதித் தமிழில். அந்த நேரத்துக்கு அந்தத் திண்ணையில் இரண்டு பேர் இருக்க வேண்டும்: நெறியாளரும் மாணவரும். ஒலிப்பதிவுக் கருவியை எப்போது அணைக்க வேண்டும் என்று மாணவர் வேறு எங்கே கற்றுக்கொள்வார்?